எல்லம்மா ஆக்கிய சோலண்ட்

எல்லம்மா யாரையும் மதிக்க மாட்டாள். அவளை யாரும் மதிக்காத ஊரில் அது நியாயமான ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றும். மதிக்கிற மாதிரி நடிக்கவும் அவளுக்கு வராது. அதனால்தான் வேலை செய்கிற மூன்று வீடுகளிலும் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. புருஷன் காசி தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கால் இரண்டும் வெந்துபோய் இப்போது வீட்டோடு இருக்கிறான். எல்லம்மாவும் கொஞ்ச காலம் ஷூ கம்பெனியில் பசை தடவினாள். அந்த நெடியில் தலைவலி தாளாமல் விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு வந்தாள். அவள் தெருவில் கல்யாணம், சாவு எது நடந்தாலும் அண்டா வைப்பது அவள்தான். அவள் கைச் சாப்பாட்டுக்காகவே தூரத்து உறவெல்லாம் துக்கம் விசாரிக்க வரும் என்று அவளே சொல்வாள். சிரிக்காமல் சொல்வாள்.

அவள் வேலை செய்யும் வீடுகளில் ஒன்றின் மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். ஆம்பூரில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். கீழே வீட்டுக்காரர் நாகேந்திரன், ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். அதாவது ஷூ வாங்க வருகிற வெளிநாட்டு பையர் எதைக் கேட்டாலும் முதலில் 'யெஸ் சார்' சொல்லிவிட்டு, பிறகு அது நம்மால் முடியுமா என்று யோசிக்கிற வேலை. அந்த வேலையை அவர் வீட்டுக்கும் எடுத்து வந்துவிடுவார். இத்தாலிக்காரர் வந்துபோன மாதம் வீடே பாஸ்தா தின்றது. ஜெர்மன்காரி வந்துபோன பிறகு செங்கல் மாதிரி ஒரு ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தார். மனைவி பூர்ணிமா குடியாத்தத்து லுங்கி வியாபாரக் குடும்பத்துப் பெண். புருஷன் ஆட்டத்துக்கெல்லாம் தலையாட்டுவாள். ஆனால் ஆசாரத்தில் கை வைத்தால் விட மாட்டாள்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். சாப்பாட்டு விஷயத்தில் இரண்டும் தண்டம். மூத்தவள் ஹரிணி நான்காவது படிக்கிறாள். உப்புமாவிலிருந்து கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டு விளிம்பில் வரிசையாக வைப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கையில் ஒன்று போடலாமா என்று எனக்குத் தோன்றும். சின்னவன் நவநீதன் இன்னும் மோசம். வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் தின்பான். வெறும் சோறு, சட்னி தொடாத இட்லி, மசாலா போடாத நூடுல்ஸ். அதிலும் நாலு வாய்க்கு மேல் போகாது. பூர்ணிமா தட்டை ஏந்திக்கொண்டு அவன் பின்னாலேயே தெருவாசல், மாடிப்படி என்று சுற்றுவாள். வேலூருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள். டானிக் வாங்கிக் கொடுத்தாள். பிள்ளை ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டால் சோளிங்கர் மலை ஏறி வருவதாக நரசிம்மரிடம் வேண்டிக்கொண்டாள். நரசிம்மரும் கண்டுகொள்ளவில்லை. மொத்தக் குடும்பமும் ஒரு பொடியனின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

எல்லம்மா இதையெல்லாம் பின்பக்கத்துத் துணி துவைக்கிற கல்லிலிருந்து பார்ப்பாள். அதற்கு இப்பால் அவளுக்கு இடமில்லை. பாத்திரம் வெளியே வரும், அவள் கழுவிப் படியில் கவிழ்ப்பாள், பூர்ணிமா மறுபடி தண்ணீர் விட்டு உள்ளே எடுத்துப் போவாள். எல்லம்மாவுக்கென்று ஒரு தட்டும் ஒரு டம்ளரும் பின்சுவர் மேல் தனியாக இருக்கும். ஷூவுக்குத் தோல் தருகிற மாட்டை நம்பிப் பிழைக்கிற வீட்டில் இந்த ஆசாரம். கேட்டால், அதெல்லாம் பழக்கம்தான் டீச்சர், மனசுல ஒண்ணும் கிடையாது என்பார் நாகேந்திரன்.

போன புரட்டாசியில் லண்டனிலிருந்து ஏலி என்ற பையர் வந்தார். சின்ன வயது. உச்சந்தலையில் சின்னதாக ஒரு குல்லா. ஆம்பூர்க்காரர் கண்ணுக்குக் குல்லா என்றால் ஒன்றுதான். மசூதி எந்தத் தெருவில் இருக்கிறது என்று நாகேந்திரன் வழிகாட்டப் போக, அவர் சிரித்துக்கொண்டே தான் யூதர் என்றிருக்கிறார். நாகேந்திரன் விடுவாரா. உங்கள் வீட்டில் விசேஷமாக என்ன சமைப்பீர்கள் என்று நோண்டினார். அம்மா சோலண்ட் செய்வார், வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அடுப்பில் ஏற்றிவிட்டால் சனிக்கிழமை மதியம்வரை அப்படியே வேகும், சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள், நெருப்பு மூட்ட மாட்டோம் என்று அவர் சொன்னார். அந்தச் சனிக்கிழமை அவர் ஆம்பூரில்தான் இருக்கப்போகிறார் என்று தெரிந்ததும் நாகேந்திரன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். வருகிறேன், ஆனால் சாப்பாடு வேண்டாம், பழம் மட்டும் போதும் என்று ஏலி தெளிவாகச் சொன்னார். இதைப் பின்னால் நானே ஏலியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நம் ஊரில் விருந்தாளி அப்படித்தான் சொல்வார். வேண்டாம் என்பார், நாம் விடாமல் இலையைப் போடுவோம், அவர் சாப்பிடுவார். நாகேந்திரனுக்கு இந்த ஒரு பாடம்தான் தெரியும். கூச்சப்படறார் டீச்சர், அவர் ஊர் ஐட்டத்த முன்னால வெச்சா அசந்துடுவார் பாருங்க என்றார். உடனே போனில் வீடியோ பார்த்து வேண்டியதை எழுதிக்கொண்டார். வெள்ளைப் பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, ஓட்டோடு முட்டை. கடைசியாக மாட்டுக்கறி.

பூர்ணிமா ஒரே வார்த்தையில் முடித்தாள். "என் வீட்டுக்குள்ள அது வரக்கூடாது. என் பாத்திரம் ஒண்ணுகூடத் தர மாட்டேன்."

அப்போதுதான் மேனேஜருக்கு எல்லம்மா ஞாபகம் வந்தாள். அவளைக் கூப்பிட்டுக் குழைந்து பேசியதை நான் மாடிப்படியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே கேட்டேன்.

"எல்லம்மா, உங்களுக்கெல்லாம் அந்தக் கறி பழக்கம்தானே. பின்னாடி அடுப்பு மூட்டிச் செஞ்சு குடேன். உன் வீட்டுக் குண்டானையே எடுத்துட்டு வந்துடு."

எல்லம்மா கையிலிருந்த நாரைப் பிழிந்து வைத்தாள். "செய்றேன் சார். ஆனா நான் ஆக்கினா வீட்ல எல்லாரும் துன்னணும். வர்றவரு மட்டும் இல்ல, நீங்க, அம்மா, புள்ளைங்க, எல்லாரும்."

"அதுக்கின்னா, தாராளமா சாப்பிடுவோம்" என்றார் நாகேந்திரன். ஷிப்மெண்ட் தேதி கேட்கும் பையருக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் என் வாசலில் வந்து நின்றபோது கேட்டேன். "அவங்க சாப்பிட்டா இன்னா, சாப்பிடலைன்னா இன்னா எல்லம்மா. எதுக்கு அந்தப் பேச்சு?"

"எத்தினி வருசமா இவுங்க எச்சில் தட்டக் கழுவறேன் டீச்சர். என் கையால ஒருநாள் துன்னட்டும். பாத்துட்டுப் போறேன்" என்றாள். அவள் எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். ஆனால் அந்த வீட்டை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே வேலை தொடங்கியது. ஜியாவுல்லா கறிக்கடையிலிருந்து மாட்டுக்கறி வந்தது. கறுப்புக் கவருக்குள் இன்னொரு கவர் போட்டு, அதையும் செய்தித்தாளில் சுற்றி, கஞ்சா கடத்துகிறவர் மாதிரி கொண்டுவந்தார் நாகேந்திரன். அந்த மனிதர் பஜாரில் பெரிய கறி என்கிற மாட்டுக்கறி பிரியாணியை மூக்குப் பிடிக்கத் தின்கிறவர். அவர் கம்பெனியின் பேக்கிங் பிரிவு நிசார் அஹமதோடு அவர் கை கழுவிக்கொண்டு வெளியே வருவதை நானே இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் ஸ்வீட் வாங்க வந்ததாகச் சொல்வார்.

எல்லம்மா சாக்கடைக்கு அந்தப் பக்கம் மூன்று கல் வைத்துக் கரி மூட்டினாள். நாகேந்திரன் போனும் கையுமாக மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். வெள்ளைப் பீன்ஸ் ஆம்பூரில் கிடைக்கவில்லை. எல்லம்மா மொச்சையைப் போட்டாள். பார்லி மருந்துக் கடையில் கிடைத்தது. மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்கப்போனபோது நாகேந்திரன் தடுத்தார்.

"காரம் கூடாது எல்லம்மா. வீடியோவுல மிளகு, பூண்டு, வெங்காயம் அவ்ளோதான்."

"காரமில்ல, புளியில்ல, கொத்தமல்லி இல்ல. ஜொரம் வந்தவனுக்கா ஆக்கறோம்?" என்றாள். ஆனாலும் அவர் சொன்னபடியே செய்தாள். கறியை அடியில் போட்டு, மொச்சை, பார்லி, உருளைக்கிழங்கு போட்டு, முட்டைகளை நடுவில் புதைத்து, குண்டானை மூடி விளிம்பைக் கோதுமை மாவால் அடைத்தாள். கரியைத் தணித்து மேலே உமியைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். இந்தத் தீ நாளைக்கு மத்தியானம்வரை சாகாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சனிக்கிழமை காலையில் அவள் வந்து மாவை உடைத்தபோது வாசனை மாடிக்கு வந்தது. எனக்கு ஒரு கிண்ணம் வந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள், பெரிய கறி எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இப்படி ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. கறி நாராகப் பிரிந்து பார்லியோடு கரைந்திருந்தது, முட்டை ஓட்டுக்குள்ளேயே பழுப்பேறிக் கெட்டியாக இருந்தது. காரமே இல்லாமல் ஒரு சாப்பாடு இவ்வளவு ருசியாக இருக்குமா என்று அவளிடமே கேட்டேன். நான் சாப்பிட்டதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே சாம்பிராணி. சுவாமி படத்துக்கு முன்னால் தளிகைப் படையல், நாமம் போட்ட சொம்பு, துளசி மாலை. புரட்டாசி சனிக்கிழமை. எல்லாவற்றையும் வீடியோ பார்த்துத் திட்டம் போட்ட மேனேஜர் வீட்டுக் காலண்டரை மட்டும் பார்க்கவில்லை. நெற்றியில் நாமத்தோடு பின்கட்டுக்கு வந்து நின்றார்.

"எல்லம்மா, இன்னிக்குப் பெருமாள் நாள். நாங்க யாரும் கறி தொடக்கூடாது. இன்னொரு நாளைக்குப் பார்ப்போம். கெஸ்ட் சாப்பிடுவார், அது போதும்."

எல்லம்மா அவரைப் பார்த்தாள். "சொன்னீங்களே சார்" என்றாள்.

"சாமி விஷயம் எல்லம்மா, நான் இன்னா பண்ணட்டும்?"

சாமி இவருக்கு எப்போதும் சரியான நேரத்தில்தான் வருவார். எல்லம்மா குண்டானை மூடி மறுபடி அடுப்பில் வைத்தாள். சரி, அந்த வெளிநாட்டுக்காரராவது சாப்பிடட்டும் என்று இறங்கி வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். காலையில் இருந்த முகம் இல்லை.

ஏலியை அழைத்துவரக் கார் போயிற்று. சனிக்கிழமை வண்டியில் ஏற மாட்டேன் என்று அவர் கெஸ்ட் ஹவுஸிலிருந்து நடந்தே வந்தார். அவர் பின்னால் அவர் நடைக்கு ஏற்றபடி நாகேந்திரனின் கார் ஊர்ந்து வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. இங்கிலீஷ் பேச்சுத் துணைக்கு என்னையும் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

நாகேந்திரன் பின்கதவைத் திறந்து, குண்டானைக் காட்டி, சோலண்ட் என்று அறிவித்தார். ஏலி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார், மூச்சை இழுத்து வாசனை பிடித்தார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. எங்கள் அம்மா வீட்டு வாசனை என்றார். பிறகு கையைக் கூப்பி, தன்னால் இதைச் சாப்பிட முடியாது என்றார். கறி அவர்கள் முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டுமாம், பாத்திரம் அவர்கள் முறைப்படி புழங்கியதாக இருக்க வேண்டுமாம், அதனால்தான் முதலிலேயே பழம் போதும் என்றாராம். நாகேந்திரன் நம் வழக்கப்படி இன்னும் நாலு தடவை வற்புறுத்தினார். ஐந்தாவது தடவை ஏலியின் முகம் மாறியது. அதற்குப் பிறகுதான் மேனேஜருக்குப் புரிந்தது.

"நோ ப்ராப்ளம் சார். நாங்களும் இன்று விரதம்தான்" என்றார். இருவரும் ஒருவர் விரதத்தை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். அந்த அழகைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாழைப்பழமும் ஆரஞ்சும் வந்தன. உங்கள் சாப்பாடு படாத தட்டு ஏதாவது இருக்குமா, இல்லாவிட்டால் காகிதம் போதும் என்று ஏலி தயங்கிக் கேட்டார். கான்வென்ட்டில் படிக்கிற ஹரிணிக்கு அது புரிந்துவிட்டது. பின்பக்கம் ஓடினாள். செய்தித்தாளால் விளிம்பைப் பிடித்து ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதில் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம் அங்கிள். தனியாகத்தான் வைப்போம்" என்றாள், ஒப்பிப்பதுபோல, இங்கிலீஷில்.

பூர்ணிமாவின் முகம் செத்துவிட்டது. ஏலி சந்தோஷமாகப் பழத்தை அதில் வைத்தார். நீங்களும் தட்டைத் தனியாக வைப்பீர்களா, எங்கள் வீட்டிலும் பாலுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று என்றார். "யெஸ் சார், சேம் சேம்" என்றார் நாகேந்திரன். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அது அதோ நிற்கிற அம்மா சாப்பிடுகிற தட்டு, அவர் தொட்டதை இவர்கள் தொட மாட்டார்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

ஏலியின் காது சிவந்தது. பின்வாசலைப் பார்த்தார். எல்லம்மா அங்கே நின்றிருந்தாள். கறி சாப்பிட்ட தட்டா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். ஆமாம், இந்த வீட்டில் மிஞ்சுகிற ஆட்டுக்கறிக் குழம்பு அதில்தான் விழும் என்றேன். அவர் பழத்தை எடுத்துக் கைக்குட்டை மேல் வைத்துக்கொண்டார். அவர் சட்டத்துக்கு அவர் செய்தது சரி. ஆனால் எல்லம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. டீச்சர் தன்னைக் கைகாட்டி ஏதோ சொன்னதும் விருந்தாளி தன் தட்டிலிருந்து பழத்தை எடுத்துவிட்டார் என்பதைத்தான் அவள் பார்த்தாள்.

நான் எழுந்து பின்பக்கம் போனேன். "அப்படி இல்ல எல்லம்மா. அது அவங்க மத சட்டம். உன்னைச் சொல்லல."

"இவுங்களுக்கும் சட்டம்தான் டீச்சர்" என்றாள்.

ஏலி கிளம்பும்போது எல்லம்மாவுக்கும் கைகூப்பிவிட்டுத்தான் போனார். அவள் பதிலுக்குக் கூப்பவில்லை. நாகேந்திரன் அவரோடு நடந்து போனார், கார் மறுபடி பின்னால் ஊர்ந்தது. பூர்ணிமா பூஜை அறைக்குள் புகுந்துகொண்டாள். எல்லம்மா கல்லில் உட்கார்ந்து, ஒருவரும் தொடாத குண்டானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன்.

அப்போது நவநீதன் வந்தான். காலையிலிருந்து தளிகை முடியட்டும் என்று ஒன்றும் கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்திருந்தாலும் தின்றிருக்க மாட்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு குண்டான் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னா?" என்றாள் எல்லம்மா. கொஞ்சுகிற குரல் அல்ல.

"அது இன்னா?"

"கெழங்கு."

அவன் வாயைத் திறந்தான். எல்லம்மா பின்கதவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஒரு முட்டையை எடுத்து ஓட்டை உரித்தாள். அதோடு கிழங்கையும் மொச்சையையும் சேர்த்துப் பிசைந்து உருட்டி அவன் வாயில் வைத்தாள். மென்றான். விழுங்கினான். மறுபடி வாயைத் திறந்தான். அந்தப் பழுப்பு நிறத்தை, அந்தப் பிசுபிசுப்பை, அந்தப் பிள்ளை கேள்வி கேட்காமல் தின்றது. கறியும் கலந்துதான் போயிற்று. அவள் உருட்டுவதற்குள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். எல்லம்மாவின் முகத்தில் எது வந்ததோ அதைச் சிரிப்பு என்று சொல்லலாமா தெரியவில்லை. நான் அதுவரை பார்த்திராதது.

ஹரிணி பார்த்துவிட்டாள். "அம்மா, நவநீ எல்லம்மா கையில சாப்பிடறான்" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

பூர்ணிமா வந்து வாசலில் நின்றாள். கன்னம் உப்பிய பிள்ளையைப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி அவள் முகம் மலர்ந்தது. வருஷக்கணக்காக அவள் வேண்டிக்கொண்டது கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. அடுத்த நொடி பாய்ந்து அவனைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனாள்.

"துப்பு. துப்புடா. எல்லாத்தையும் துப்பு."

அவன் வாயை இறுக்கிக்கொண்டான். அவள் விரலை உள்ளே விட்டாள். பிள்ளை குமட்டினான், தின்றதெல்லாம் சாக்கடைக் கல் மேல் வந்தது. அவள் தண்ணீர் விட்டு விட்டு அவன் நாக்கைத் தேய்த்தாள்.

"ஏம்மா, பசியில துன்னுச்சு. விடும்மா" என்றாள் எல்லம்மா.

"நீ பேசாத" என்றாள் பூர்ணிமா.

எல்லம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். குண்டானை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கவாட்டுச் சந்தில் நடந்தாள். கேட்டில் கை வைத்தபோது நவநீதன் அழுகையை நிறுத்தினான். ஈரத் தலையோடு அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, பசிக்குது" என்றான்.

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. எல்லம்மா நின்றாள். பூர்ணிமாவும் அசையவில்லை. கூப்பிட்டிருந்தால் எல்லம்மா திரும்பியிருப்பாள், எனக்குத் தெரியும். பூர்ணிமாவுக்கும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லம்மா குண்டானை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்து போய்விட்டாள். திங்கட்கிழமையும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

பூர்ணிமா பிள்ளையைத் துடைத்து உள்ளே கூட்டிப்போய் வெள்ளைச் சோறு போட்டாள். அவன் அதைத் தொடவில்லை.